மீன்தொட்டிக்கு விளக்கும் வேண்டும், இரவும் வேண்டும்

நெசவோடும் பயிர்த்தொழிலோடும் சேர்த்து வண்ணமீன் வளர்ப்பையும் ஒரு துணைத்தொழிலாக மேற்கொள்ளும் உறுப்பினர்கள் இன்று பல சங்கங்களில் இருக்கின்றனர். சென்னைக் கொளத்தூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம் என்பதை யாவரும் அறிவர். அங்கே பிழைக்கும் வழி காட்டிய தொழில் நம் ஊரிலும் காட்டாதா என்று எண்ணுவது இயல்பே. தறி ஓயும் நாட்களிலும், பயிர் வீட்டுக்கு வராத மாதங்களிலும் குடும்பத்துக்கு நான்கு காசு சேருமானால் அதனை வரவேற்க வேண்டியதே முறை.

ஆனால் இத்தொழிலுக்கென வரும் கடன் மனுக்களைப் பரிசீலிக்கும்போது ஒரு செய்தி நம் கண்ணில் படுகிறது. தொட்டிக்கும் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் கேட்கும் தொகைக்கு ஈடாகவும், சில சமயம் அதனினும் மிகுதியாகவும், விளக்குக்குக் கேட்கிறார்கள். அவ்விளக்கை உரிய நேரத்தில் ஏற்றி, உரிய நேரத்தில் அணைக்கும் நேரக்கருவிக்கு ஒரு காசும் கேட்பதில்லை. இந்த வரிசை தலைகீழானது என்பது நம் துணிபு. நன்னீர்த் தொட்டிக்கு விளக்கின் வலிமையினும் அது எரியும் நேரமே முதன்மையானது. ஒளியைப் போலவே இருளும் தொட்டிக்கு ஒரு தேவை. சங்கம் கடன் கொடுப்பதும், கூட்டாகப் பொருள் வாங்குவதும் இவ்வுண்மையை ஒட்டியே அமைய வேண்டும்.

முதற்கண், தொட்டிக்கு விளக்கு எதற்காக என்பதைத் தெளிவு செய்து கொள்வோம். மீனைக் காண நமக்கு ஒளி வேண்டும். அதற்குச் சிறு விளக்கே போதும். நீரில் வளரும் செடிக்கு உணவு சமைக்க ஒளி வேண்டும். விளக்கின் பெரும்பயன் இதுவே. செடி ஒளியில்தான் பிராணவாயுவை வெளியிடுகிறது என்பதை 1779-ஆம் ஆண்டில் இங்கென்ஹௌஸ் என்னும் மருத்துவர் சோதனைகளால் நிறுவினார். 1850-ஆம் ஆண்டில் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் ஒரு தொட்டியில் தங்கமீனையும் வாலிஸ்னேரியாச் செடியையும் நத்தைகளையும் சேர்த்து வைத்து, ஒன்றன் கழிவு மற்றொன்றுக்கு உதவ, நீர் கெடாமல் நிலைத்திருப்பதைக் காட்டினார். இன்றைய செடித்தொட்டி அக்கொள்கையின் வழி வந்ததே.

ஆயினும் இதில் மறு பக்கம் ஒன்று உண்டு. இருட்டியதும் செடி பிராணவாயு தருவதை நிறுத்திவிடுகிறது. மீனைப் போலத் தானும் அதனைச் சுவாசிக்கிறது. ஆகவே, நீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும் வேளை விடியலுக்குச் சற்று முன்னதான வேளை. செடியோ பாசியோ மண்டிய தொட்டியில் காலையில் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. இதைக் கண்ட சிலர், இரவிலும் விளக்கை எரியவிட்டால் குறை தீரும் என்று கருதுகிறார்கள். ஓயாத ஒளியால் பாசி மேலும் பெருகும். ஒருநாள் மின்சாரம் நின்று இருள் சூழ்ந்தால், முன்னினும் பெரிய இடர் நேரும். இதற்குப் பரிகாரம் காற்றுப் பம்பு, விளக்கு அன்று.

ஒளிக்கும் இருளுக்கும் உள்ள இந்த ஆட்சியை நம் உறுப்பினர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. சாமந்தி பயிரிடுவோர், இரவில் சில மணி நேரம் விளக்கேற்றி, மொட்டு விடுவதைத் தள்ளிப்போடும் முறையை அறிவார்கள். நீண்ட இரவு கிடைத்தாலொழிய அச்செடியின் பல இரகங்கள் மொட்டு விடுவதில்லை. முட்டைக்கோழி வளர்ப்போர், கொட்டகையில் ஒளி நேரத்தை அளந்து கொடுக்கிறார்கள். செடிக்கும் கோழிக்கும் உள்ள நியதி மீனுக்கு மட்டும் இல்லாமற் போகுமா?

பெரும்பாலான மீன்களுக்கு இமை இல்லை. நம்மைப் போலக் கண்ணை மூடி ஒளியைத் தடுக்க அவற்றால் இயலாது. இமை இல்லை என்பதால் உறக்கம் இல்லை என்று கொள்ளலாகாது, மீனும் ஓய்கிறது. இருளில் அதன் உடலில் மெலடோனின் என்னும் சுரப்பு மிகுகிறது, ஒளியில் குறைகிறது. இதுவே அதற்கு இரவு பகலைச் சொல்லும் மணி. கங்கைப் படுகையில் வாழும் வரிமீன் ஒன்றை 1822-இல் ஹாமில்ட்டன் என்பவர் விவரித்து எழுதினார். ஜீப்ரா மீன் என்று இன்று வழங்கும் அச்சிறு மீன் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படுகிறது. அங்கே அதற்கு வழக்கமாக 14 மணி நேரம் ஒளியும் 10 மணி நேரம் இருளும் தருகிறார்கள். காலையில் விளக்கு எரியத் தொடங்கியதை ஒட்டியே அது முட்டையிடுகிறது. இருளே இல்லையேல் அதற்கு விடியலும் இல்லை. அமேசான் பகுதியின் மங்கிய நீரில் தோன்றிய நியான் டெட்ராவின் முட்டையும் இளங்குஞ்சும் மிகுந்த ஒளியைத் தாங்கா; ஆதலால் இனப்பெருக்கம் செய்வோர் அத்தொட்டியை மூடியே வைக்கிறார்கள். அம்மீனின் நீலக்கோடு இரவில் மங்கிக் காலை ஒளியில் மீள்வதும் இயற்கையே. விடியலில் வெளிறிய மீனைக் கண்டு நோய் என்று மருந்து கலக்க வேண்டா.

அப்படியாயின் எத்தனை மணி நேரம்? நம் நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. சென்னையில் மிக நீண்ட பகல் 13 மணிக்குச் சற்றுக் குறைவு. மிகக் குறுகிய பகல் 11 மணிக்குச் சற்று மிகுதி. ஆயினும் செயற்கை விளக்கை அத்தனை நேரம் எரிக்க வேண்டியதில்லை. கண்ணாடித் தொட்டி கிட்டத்தட்ட எப்போதும் ஏதேனும் அறை வெளிச்சத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. செடி வைத்த புதிய தொட்டிக்கு முதற் சில வாரங்கள் நாளொன்றுக்கு 6 மணி நேரமும், செடி வேரூன்றியபின் 8 மணி நேரமும் நல்ல அளவு. 10 மணிக்கு மேற் செல்வது பெரும்பாலும் பாசிக்கே உணவாகும். செடியில்லாத தொட்டிக்கு மீனைப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கு போதும். வெளியில் நிழல்வலையின் கீழ் உள்ள சிமெண்டுத் தொட்டிகளுக்கு விளக்கே தேவையில்லை. அங்கே கதிரவன் கணக்குப் பிசகாமல் வேலை செய்கிறான். ஆகவே அத்தகைய வளர்ப்பாளரின் மனுவில் விளக்கு என்ற இனத்தைக் கண்டால், நிர்வாகக் குழுவினர் காரணம் கேட்பதில் தவறில்லை.

இனி, விளக்கைத் தெரிவு செய்யும் முறை. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு; அது தரும் ஒளியின் அளவு அன்று. ஒளியின் அளவு லூமன். ஒரு லிட்டர் நீருக்கு 15 முதல் 25 லூமன் என்பது எளிதில் வளரும் செடிகளுக்குப் போதுமானது என்பது வளர்ப்போர் வழக்கம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 20 லூமன் வைத்தால் 1,100 லூமனுக்குச் சற்று மேல் ஆகிறது. வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி. விளக்கில் இது 11 அல்லது 12 வாட்டில் முடிந்துவிடும். அனுபியாஸ், ஜாவாப் பெரணி, கிரிப்டோகோரைன் போன்றவை இவ்வொளியிலேயே நன்கு வாழும். தொட்டி ஆழமானால் அடியை எட்டும் ஒளி குறையும் என்பதையும் கருத வேண்டும்.

ஒளியின் நிறம் பற்றி நெசவாளருக்கு விளக்கத் தேவையில்லை. சாயமிட்ட நூலை மஞ்சள் விளக்கின் கீழ் ஒப்பிட்டுப் பாவில் ஏற்றியவர், மறுநாள் பகல் வெளிச்சத்தில் என்ன காண்பார் என்பதை அனுபவத்தில் அறிந்தவர் அவர். அதே கதைதான் மீனுக்கும். 6,500 கெல்வின் என்று குறிக்கப்பட்ட விளக்கு பகலொளியை ஒத்திருக்கும், மீனின் நிறத்தை உள்ளபடி காட்டும், செடிக்கும் ஏற்றது. ஊதா, நீலம், சிவப்பு எனக் கண்ணைப் பறிக்கும் அலங்கார விளக்கின் கீழ் மீனை வாங்கியவர், வீட்டு வெளிச்சத்தில் அதனைக் கண்டு ஏமாறுவார். மறுமுறை அக்கடைக்கு வரமாட்டார். பகலொளியில் மீனைக் காட்டி விற்பது, நீளம் குறையாமல் சேலை விற்பதற்கு ஒப்பான நாணயம்.

வலிமை மிகுந்த விளக்கு செடியை விரைவில் வளர்க்குமே என்பர் சிலர். எருவும் பாய்ச்சலும் குறைந்த வயலில் வெயில் மட்டும் மிகுந்தால் விளைவு பெருகுமோ? கரியமிலவாயுவும் சத்தும் ஒளிக்கு ஈடாகக் கிடைத்தால்தான் செடி அவ்வொளியைப் பயன்படுத்தும். மிஞ்சிய ஒளியைப் பாசி பயன்படுத்திக்கொள்ளும். பின்னர்ப் பாசியைக் கொல்ல மருந்து வாங்குவர். அதற்கும் கடன் கேட்பர். தொட்டியைச் சன்னலோரம் வெயிலில் வைப்பதும் இத்தகைய கேட்டையே தரும், நீரும் சூடேறும்.

மின்சாரக் கணக்கையும் பார்ப்போம். 20 வாட் விளக்கு பத்து உள்ள ஒரு வீட்டில், அவை இரவு பகலாக எரிந்தால் 60 நாட்களுக்கு 288 யூனிட் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தால் 96 யூனிட். மிச்சம் 192 யூனிட். இம்மிச்சத்தை ஈட்டித் தருவது சில நூறு ரூபாய் பெறும் நேரக்கருவி. கையால் போட்டு அணைக்கலாமே எனில், திருமணத்துக்குச் சென்ற நாளிலும், பாவோட்டும் நாளிலும், நடவு நாளிலும் அது தவறும். கருவி தவறாது. ஆனால் முள் சுழலும் வகைக் கருவி மின்சாரம் நின்றால் தானும் நின்று, நின்ற நேரத்துக்குப் பின்தங்கிவிடும். மின்தடைக்குப்பின் அதனைத் திருத்தி வைக்க வேண்டும். உள்ளே மின்கலம் உள்ள வகைக்கு அத்தொல்லை இல்லை. முக்கியமாக, காற்றுப் பம்பையும் வடிகட்டியையும் விளக்கின் நேரக்கருவியில் ஒருபோதும் இணைக்கலாகாது. காற்று மிகவும் தேவைப்படும் இரவில் அவை நின்றுபோனால், விடிவதற்குள் தொட்டி முழுவதும் இழப்பாகும். நீரும் மின்சாரமும் அருகருகே உள்ள இத்தொழிலில் நில இணைப்பும், மின்கசிவில் தானே துண்டிக்கும் கருவியும் இல்லாத வீட்டுக்கு விளக்குக் கடன் வழங்குவதே பிழை என்போம்.

மாலையில்தான் வாடிக்கையாளர் வருகிறார்கள், விளக்கை எப்படி அணைப்பது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை எளிது. மீனுக்கு வேண்டியது நாள்தோறும் மாறாத ஒழுங்கு. அது நம் கடிகாரத்தின் காலை ஆறு மணியிலேயே தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிற்பகல் 1 மணிக்கு ஏற்றி இரவு 9 மணிக்கு அணைக்கலாம். காலையில் 4 மணி நேரமும், இடைவெளி விட்டு மாலையில் 4 மணி நேரமும் எரிப்போரும் உளர். எம்முறையாயினும் இரவு தொடர்ச்சியாக அமைய வேண்டும். நீல இரவு விளக்கும் அணைய வேண்டும். ஏற்றும்போது முதலில் அறை விளக்கைப் போட்டுச் சற்று நேரங்கழித்துத் தொட்டி விளக்கைப் போட்டால், மீன் திடுக்கிட்டுத் துள்ளாது.

சங்கங்கள் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, நேரக்கருவிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, வண்ணமீன் கடன் பெறும் ஒவ்வொருவருக்கும் முதலில் அதனை வழங்குவது. இரண்டு, தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டு, அதற்கு வேண்டிய லூமனுக்கு மேற்பட்ட விளக்குக்குக் கடன் அளிக்காமல் இருப்பது. மூன்று, லூமனும் கெல்வினும் குறிக்கப்படாத விளக்குகளைக் கொள்முதற் பட்டியலிலிருந்து நீக்குவது. இவற்றுக்குப் புதிய நிதியோ புதிய விதியோ வேண்டா. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

தவணை தவறிய கணக்குகளில் பல, பெரிய நட்டத்தால் அன்று, நாள்தோறும் கசியும் சிறு நட்டங்களாலேயே தவறுகின்றன. அணையாத விளக்கு அத்தகைய கசிவு. உழைத்தவனுக்கு ஓய்வு உண்டு என்பது கூட்டுறவாளர் ஏற்ற நெறி. நமக்காக உழைக்கும் மீனுக்கும் செடிக்கும் அதனை மறுக்காமல், அடுத்த குழுக் கூட்டத்திலேயே இப்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.