ஓடுகிறது என்பதே சான்றாகிவிடாது

‘என் கணினியில் ஓடுகிறதே!’ என்ற வாக்கியத்தை ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் கேட்கிறோம். கணிப்பு சார்ந்த அறிவியலில் இதைவிடப் பொறுப்பற்ற வாக்கியம் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. பதிவு நீளமானது, பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஆய்வுக்குழுவின் மூத்தவர் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றுச் சென்றபின், அவர் எழுதிய ஃபோர்ட்ரான் நிரல் இளையவர் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. ஆய்வேடு இருந்தது, அச்சான கட்டுரை இருந்தது, மூலநிரலும் இருந்தது. எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, என்னென்ன ஃபிளாக்குகள், எந்தெந்த நிரலகங்கள் என்ற குறிப்பு மட்டும் எங்கும் இல்லை. ஜிஃபோர்ட்ரான் 10இல் நிரல் கம்பைல் ஆகவே மறுத்தது. ஒரே துணைநிரலை வெவ்வேறு தரவு வகைகளோடு அழைப்பதை அந்தப் பதிப்பு முதல் ஜிஃபோர்ட்ரான் பிழையாகவே கொள்கிறது; பழைய ஃபோர்ட்ரான் நிரல்கள் பல இவ்விடத்தில்தான் இடறுகின்றன. இளையவர் அந்தச் சோதனையைத் தளர்த்தும் ஃபிளாக்கைத் தேடி இட்டார். வேகத்துக்காக ஓப்பன்எம்பியையும் சேர்த்தார். நிரல் ஓடியது. ஆனால் விடை மூன்றாம் தசம இடத்திலேயே மாறிவிட்டது.

பழைய எண்தான் அச்சாகிவிட்டதே, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது மேலிடத்து அறிவுரை.

அந்த அறிவுரையை ஏற்காமல் நான்கு மாதம் தோண்டியபோது காரணம் புலப்பட்டது. துணைநிரல் ஒன்றில் ஒரு பெரிய அணிக்குத் தொடக்க மதிப்பே தரப்படவில்லை. ஜிஃபோர்ட்ரான் அளவில் பெரிய அணிகளை இயல்பாக நிலையான நினைவகத்தில் வைக்கும். அங்கே முதல் அழைப்பில் சுழியம் இருக்கும். அடுத்த அழைப்புகளில் முந்தைய அழைப்பின் மிச்சம் இருக்கும். ஓப்பன்எம்பி ஃபிளாக்கை இட்டதும் அதே அணி ஸ்டாக்குக்கு இடம்பெயரும்; அங்கே வேறு கணக்குகளின் எச்சங்கள் கிடக்கும். ஒவ்வோர் அழைப்பிலும் சுழியத்திலிருந்து தொடங்குவதாகவே சமன்பாடு சொன்னது. ஆகவே புதிய எண் தவறு. அச்சான எண்ணும் தவறு. கம்பைலர் குறிப்பு ஒரு வரி இருந்திருந்தால் நான்கு மாதத்துக்குப் பதில் நான்கு நாளில் இது வெளிப்பட்டிருக்கும். போன நான்கு மாதமும் ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகைக் காலம்.

வேதியியல் கூடத்தில் கரைப்பானின் தூய்மையையும் கருவியின் மாதிரி எண்ணையும் எழுதாமல் ஒரு கட்டுரை நகருமா? நமக்குக் கருவி கம்பைலர்தான். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்யும் கட்டளை உள்ள செயலிக்கென்று கம்பைல் செய்யும்போது, ஜிசிசி தன் இயல்பு அமைப்பிலேயே அவ்விரண்டையும் இணைத்துவிடும். இடையில் நிகழவேண்டிய முழுமையாக்கம் ஒன்று குறையும்; கடைசி இலக்கங்கள் மாறும். மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. கணிப்பில் கிடைக்கும் எண் என்பது மூலநிரல், கம்பைலர், ஃபிளாக்குகள், நிரலகங்கள், செயலி ஆகிய ஐந்தும் சேர்ந்து தரும் விளைவு. ஒன்றை மட்டும் கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு ‘நிரல் பொதுவில் உள்ளது’ என்று எழுதுவது அரைகுறை உண்மை.

நம் பல்கலைக்கழகங்களின் முறையைப் பாருங்கள். யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆய்வேட்டின் சொற்கள் பிறர் எழுத்தோடு 10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் கேள்வி எழும். ஆய்வேட்டின் பிடிஎஃப் ஷோத்கங்காவில் ஏறும். அதிலுள்ள எண்களை உண்டாக்கிய நிரல் வேறொரு கணினியில் கம்பைல் ஆகுமா என்று வாய்மொழித் தேர்வில் எவரேனும் கேட்டு நான் கண்டதில்லை. சொல் திருட்டுக்கு வடிகட்டி வைத்திருக்கிறோம். பொய்யான எண்ணுக்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

இதைச் சொன்னால் இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, ‘டாக்கர் இமேஜ் கொடுத்துவிட்டால் போதாதா?’ ஒன்றும் தராமலிருப்பதைவிட அது மேல்தான். ஆனால் இமேஜ் என்பது மூடி முத்திரையிட்ட பெட்டி. ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது எப்படி உருவானது என்று அறிய முடியாது. அதை உருவாக்கிய டாக்கர்ஃபைலில் ‘ஆப்ட்-கெட் அப்டேட்’ என்ற வரி இருந்தால் இன்று கிடைக்கும் நிரலகங்கள் வேறு, அடுத்த ஆண்டு கிடைப்பவை வேறு. பதிப்பு எண்களைக் குறிக்காத செய்முறை, நாள்தோறும் மாறும் செய்முறை.

இரண்டாவது மறுப்பே என்னைச் சினங்கொள்ள வைப்பது: ‘இதெல்லாம் டெக்னீஷியன் வேலை, ஆய்வு அல்ல.’ நிக்ஸ் என்ற பொதி மேலாண்மைக் கருவியின் கோட்பாடு நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஏல்கோ டோல்ஸ்த்ரா 2006இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு. உயர்திறன் கணினிகளில் இன்று பரவலாக வழங்கும் ஸ்பேக், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிறந்தது. ஒரு மென்பொருளின் புறச் சார்புகளை முரணின்றித் தீர்ப்பது கணினியியலின் கடினமான சிக்கல்களுள் ஒன்று. பிற நாடுகளில் பட்டத்துக்கு உரிய பொருள், நம் ஊரில் எடுபிடி வேலையாகிவிடுகிறதா?

இந்த வேலையை இழிவாக எண்ணுவதன் விலையை உலகம் 2024 மார்ச்சில் கண்டது. லினக்ஸ் கணினிகளில் எங்கும் நிறைந்துள்ள எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று புகுத்தப்பட்டிருந்தது. அதைத் தூண்டிவிடும் வரிகள் பொதுக் களஞ்சியத்தின் மூலநிரலில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியின் பில்டு ஸ்கிரிப்டில் மட்டும் இருந்தன. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் ஒருவரால் அது பிடிபட்டது. அந்த நிரலகத்தை நெடுங்காலம் பேணிவந்தவர் ஊதியமின்றி, பெரும்பாலும் தனியொருவராகவே அதைச் செய்தவர். அவருடைய களைப்பையே தாக்கியவர் வழியாக்கிக்கொண்டார். மூலநிரலைப் படித்தால் போதும், அது எப்படிக் கட்டப்படுகிறது என்பது யாரோ பார்த்துக்கொள்வது என்று நினைத்தவர்கள் அனைவருக்கும் அது பாடம்.

நான் கேட்பவை எளியவை. கணிப்பு அடிப்படையிலான ஒவ்வோர் ஆய்வேட்டிலும் ஒரு பக்கப் பின்னிணைப்பு கட்டாயமாகட்டும்: கம்பைலரின் பெயரும் பதிப்பும், ஃபிளாக்குகள் அனைத்தும், ஒவ்வொரு நிரலகத்தின் பதிப்பும், செயலி வகையும். வாய்மொழித் தேர்வுக்கு முன், குழுவைச் சாராத ஒரு மாணவர் அந்தப் பக்கத்தை மட்டும் கொண்டு வெறுங்கணினியில் நிரலைக் கட்டி, ஒரு வரைபடத்தையேனும் மீண்டும் பெற்றுக் காட்டட்டும். மூலநிரல் ஸெனோடோவிலோ சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜிலோ நிலையாகச் சேமிக்கப்படட்டும். ஒரு பொதியை ஆண்டுக்கணக்கில் பேணும் மாணவருக்கு அதற்குரிய மதிப்பை ஆய்வுக் குழுக்கள் அளிக்கட்டும். இவற்றுக்குப் பெரிய நிதி வேண்டியதில்லை.

பேராசிரியப் பெருமக்களே, எண் மாறினால் பழைய எண்ணை வைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். ஏன் மாறியது என்று கேளுங்கள். இளைய நண்பர்களே, இந்த வாரமே உங்கள் நிரலை உடன் பயிலும் ஒருவரிடம் கொடுத்து, அருகில் நின்று உதவாமல், அவரே கட்டி ஓட்ட விடுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, அங்கேதான் உங்கள் ஆய்வேட்டில் எழுதப்படாத பக்கம் இருக்கிறது. அதை எழுதுங்கள்.