கடல் கடந்த தொண்டு

பிறர்க்குப் பயன்பட வாழ்தல் வேண்டும் என்னும் விருப்பம் இளமைக்கு அமைந்த நல்லதோர் அணிகலனாம். அவ்விருப்பம் உள்ளூரில் அடங்காது கடல் கடந்து செல்ல அவாவுதலும் இயல்பே. ஆயின், விருப்பம் ஒன்றே தொண்டாகிவிடுமோ என்பது ஆராய்தற்குரிய வினா. அதனை ஆராயும் நிலை எனக்குச் சென்ற ஆண்டில் நேர்ந்தது.

கோடை விடுமுறைக்கு முன் நம் விடுதியின் அறிவிப்புப் பலகையில் வண்ணப் படத்தோடு ஒரு விளம்பரம் காணப்பட்டது. தான்சானியா நாட்டுச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான்கு வாரம் கற்பிக்கலாம். வயது பதினெட்டு நிரம்பியிருந்தாற் போதும். வேறு தகுதி வேண்டுவதில்லை. செலவுக்கு இரண்டு இலட்ச ரூபாய் கட்டவேண்டும் என்பன அதன் செய்தி. அதனைக் கண்ட நாள் முதல் எனக்கு உறக்கமில்லை. சிற்றூர்ப் பள்ளியாசிரியரான என் தந்தையார், இருக்கும் சிறு நிலத்தை ஈடு வைத்தேனும் பணம் அனுப்புவதாகக் கூறினார். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு, நற்சான்று வேண்டி என் ஆசிரியர் ஒருவரிடம் சென்றேன்.

அவர் மறுக்கவில்லை. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "அங்கே என்ன கற்பிக்கப் போகிறாய்?" என்று வினவினார். "கணக்கும் ஆங்கிலமும், ஐயா" என்றேன். "எந்த மொழியிற் கற்பிப்பாய்?" என்றார். யான் வாய் திறக்கவில்லை. அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் சுவாஹிலியே பயிற்றுமொழி என்பதும் அன்று நான் அறியேன். "தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கு மொழியின் அருமையை நான் சொல்ல வேண்டுமோ?" என்று கூறி, ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். அந்நற்சான்று இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. அது பெட்டியிலேயே தங்கிவிட்ட காரணத்தை நம் கல்லூரி அன்பர்கட்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்த தொண்டு இழிந்ததென்று யான் கூற வரவில்லை. அதன் வரலாற்றிற் பெருமைக்குரிய பகுதிகள் உண்டு. 1958-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் என்பாரும் அவர் மனைவியாரும் 'வாலண்டரி சர்வீஸ் ஓவர்சீஸ்' என்னும் இயக்கத்தைத் தொடங்கிப் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞரைப் பிற நாடுகளுக்கு அனுப்பினர். 1961-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்கத் தலைவர் கென்னடி 'பீஸ் கோர்' என்னும் தொண்டர் படையை நிறுவினார். அப்படையின் முதற்குழுவினர் அவ்வாண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் கானா நாட்டு அக்ரா நகரில் வந்திறங்கினர். பள்ளிகளிற் கற்பிக்க வந்த அவ்விளைஞர், விமானத்தை விட்டு இறங்கியவுடன் ட்வி மொழியிற் பாடினர். வந்தோர் தம் மொழியிற் பாடக் கேட்ட மக்கள் உள்ளம் குளிர்ந்தனர் என்பதிற் புதுமை யாது?

ஆயின், இரண்டு திங்கள் கழியுமுன்னரே மற்றொரு நிகழ்ச்சி நேர்ந்தது. நைஜீரியா விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்த அக்டோபர்த் திங்களில், இபாடான் பல்கலைக் கல்லூரியிற் பயிற்சி பெற்றுவந்த அத்தொண்டர் படையின் பெண்மணி ஒருவர் தம் நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை வரைந்தார். தாம் கண்ட வறுமையையும் தூய்மைக் குறைவையும் இரங்கத்தக்க சொற்களால் அதில் எழுதியிருந்தார். அட்டை அஞ்சலிற் சேருமுன் மாணவர் கையிற் சிக்கியது. படி எடுக்கப்பட்டுக் கல்லூரி முழுதும் பரவியது. மாணவர் திரண்டு கண்டனம் செய்தனர். அப்பெண்மணி நாடு திரும்பினார். அவர் தீயவர் அல்லர், கண்டதையே எழுதினார். அவ்வாறாயின் மாணவர் சினந்தது ஏன்? தம்மை மாந்தராக அன்றிக் காட்சிப் பொருளாகக் கண்ட பார்வை அவர்களைச் சுட்டது. அக்ராவிற் கேட்ட பாட்டும் இபாடானில் எழுதிய அட்டையும் ஒரே படையினின்று, ஒரே ஆண்டிற் பிறந்தவை. தொண்டு எவ்வழியும் செல்லக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அன்று வந்தவர்கள் ஈராண்டேனும் தங்கக் கருதி வந்தனர். இன்று இரண்டு வாரம், நான்கு வாரம் என்று காலம் குறுகிவிட்டது. தொண்டு சுற்றுலாவின் உடையை அணிந்துகொண்டது. அமெரிக்க நங்கை ஒருவர் தாம் பள்ளி மாணவியாய்த் தான்சானியாவுக்குச் சென்று செய்த தொண்டைப் பற்றி 2014-இல் எழுதி வெளியிட்ட கட்டுரை உலகமெங்கும் படிக்கப்பட்டது. நூலகம் ஒன்று கட்டுவதற்காக அவரும் தோழியரும் பகலெல்லாம் செங்கல் அடுக்கினர். அவ்வேலை செம்மையாக அமையாமையால், உள்ளூர் ஆடவர் இரவில் அச்சுவரைப் பிரித்து மீண்டும் கட்டினர். விருந்தினர் மனம் நோகாவண்ணம் விடியுமுன் வேலையை முடித்தனர். நண்பர்காள்! இங்கே தொண்டு செய்தவர் யார்? பெற்றவர் யார்?

சுவராவது பிரித்துக் கட்டக்கூடியது. குழந்தையின் நெஞ்சம் அத்தகையதன்று. தென்னாப்பிரிக்கப் பகுதியின் அநாதை விடுதிகளுக்கு வரும் குறுகிய காலத் தொண்டர்களைப் பற்றி ஆராய்ச்சியாளர் இருவர் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினர். வருவோர் எல்லாரும் குழந்தைகளை அணைக்கின்றனர். சில வாரங்களிற் பிரிகின்றனர். பிறகு வேறொருவர் வருகின்றார். பற்று வைப்பதும் பற்று அறுவதுமாகவே வளரும் குழந்தைக்கு அவ்வன்பே ஊறாகின்றது என்று அவர்கள் எச்சரித்தனர். உலகில் அநாதை விடுதியில் வாழும் குழந்தைகளிற் பெரும்பாலோர்க்குத் தாயேனும் தந்தையேனும் உயிரோடிருக்கின்றனர் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை. விருந்தினர் கொணரும் பணத்தின் பொருட்டே குழந்தைகளைத் திரட்டும் விடுதிகளும் உளவாயின. 2019-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் இக்கேட்டைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது.

இதனை யான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லேன். ஆறாம் வகுப்பிற் பயின்றபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வெளிநாட்டு விருந்தினர் பன்னிருவர் பத்து நாள் தொண்டு செய்ய வந்தனர். பாடங்கள் நின்றன, நாங்கள் வரிசையில் நின்று மாலையிட்டுப் பாடினோம். கணக்காசிரியர் சுவரில் எழுதிவைத்திருந்த வாய்பாட்டின்மேல் அவர்கள் யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் அழகாகத் தீட்டினர். அவருள் ஓர் அண்ணன் எனக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லிச் சென்றார். அவ்வாண்டு முழுதும் தபால்காரரின் மிதிவண்டி மணி கேட்டபோதெல்லாம் வாயிலுக்கு ஓடினேன். அவர் அன்புடையவரே, மறந்துவிட்டார், அவ்வளவுதான். தான்சானியாவில் என் விளம்பரப் படத்திலிருந்த சிறுவன் எந்த மணியோசைக்கு ஓடுவான் என்று எண்ணியபோது என் கை விண்ணப்பத்தை மூடிவிட்டது.

அங்ஙனமாயின் ஒருவரும் செல்லலாகாதோ எனின், அற்றன்று. செல்வோர் மூன்று தகுதி பெற்றுச் செல்லல் வேண்டும் என்பதே என் கருத்து. அவை, கைவந்த ஒரு தொழில், மக்கள் பேசும் மொழி, காலத்தைப் பொருட்படுத்தாது தங்கும் பொறுமை என்பன. டிக்சன் தொடங்கிய இயக்கமே 1962 முதல் பட்டதாரிகளைச் சேர்க்கத் தொடங்கியது. 1980-க்குள் தொழிற்பயிற்சி இல்லாதாரை அனுப்புவதை அறவே விட்டது. டிக்சனோ 1962-இல், இளைஞர் தம் நாட்டிலேயே தொண்டு செய்தற்கென மற்றொரு சங்கத்தை நிறுவினார். கடல் கடந்த தொண்டுக்கு வழி கண்டவரே வீட்டு வாயிலையும் தொண்டுக்களமாகக் கண்டது சிந்திக்கத்தக்கது.

மொழியும் பொறுமையும் செய்யும் நன்மைக்குச் செனெகல் நாட்டில் ஒரு சான்றுண்டு. மாலி மெல்சிங் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1974-இல் மாணவியாய் அங்குச் சென்றார். பின்னர்ப் பீஸ் கோர்த் தொண்டராயும் பணிபுரிந்தார். வோலோஃப் மொழியைக் கற்று, ஊராருடன் வாழ்ந்து, அம்மொழியிலேயே பாடங்கள் அமைத்தார். 'டோஸ்டன்' என்னும் நிறுவனத்தை அவர் தொடங்கியது 1991-இல். கற்பதற்கே அத்தனை ஆண்டுகள்! வோலோஃபில் அச்சொல்லுக்கு, முட்டையோட்டை உடைத்துக் குஞ்சு வெளிப்படுதல் என்று பொருள். பெயரிலேயே அவர் முறை விளங்குகின்றது. ஓட்டை உள்ளிருந்து குஞ்சே உடைக்க வேண்டும். வெளியிலிருந்து நாம் உடைத்தால் அது பிழையாது.

நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று கூறுவேன். எதியோப்பியாவில் ஹெய்லி செலாசி அரசர் காலத்தில் இந்திய ஆசிரியர் பலர், சிறப்பாகக் கேரள நாட்டினர், பள்ளிகளிற் பணிபுரிந்தனர். அவர்கள் தம்மைத் தொண்டர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, சம்பளம் பெற்றனர். ஆயினும் அந்நாட்டார் கேட்டழைக்கச் சென்றனர், பயிற்சியோடு சென்றனர், ஆண்டுக்கணக்கில் தங்கினர். ஊதியம் பெற்ற அவ்வாசிரியர் செய்த நன்மை, பணம் கட்டிச் செல்லும் நம்மால் நான்கு வாரத்தில் ஆகுமோ?

'ஆசிரியப் பஞ்சம் பெரிது. அரைகுறை உதவியேனும் ஆகட்டுமே' என்பர் சிலர். பஞ்சம் பெரிதென்பது மெய்யே. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவுக்கு 2030-க்குள் ஒன்றரைக் கோடி ஆசிரியர் புதிதாக வேண்டும் என்று யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஒன்றரைக் கோடியை விமானத்தில் ஏற்றி அனுப்ப இயலுமோ? அவர்கள் அம்மண்ணிலேதான் எழவேண்டும். 2020 மார்ச்சுத் திங்களிற் கொள்ளைநோய் பரவியபோது, பீஸ் கோர் ஏறக்குறைய ஏழாயிரம் தொண்டரையும் உலகெங்குமிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. சில நாளில் வகுப்புகள் பலவற்றில் நாற்காலி வெறுமையாயிற்று. அன்றும் அவ்வூரிலேயே இருந்தவர் அவ்வூர் ஆசிரியரே. எனவே, யான் கட்டவிருந்த இரண்டு இலட்சம் அத்தகைய ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளத்துக்கோ பயிற்சிக்கோ ஆகுமாயின், அதுவே நற்செலவாம்.

அம்மக்கள் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தோர் என்று எண்ணுதலும் பிழை. 1963-இல் விடுதலை பெற்ற கென்யாவில், 'ஹரம்பே' என்னும் கூட்டுழைப்பு முழக்கத்தோடு ஊரார் தம் பணமும் உழைப்பும் ஈந்து நூற்றுக்கணக்கான உயர்நிலைப் பள்ளிகளை எழுப்பினர். தான்சானியாவின் முதல் தலைவர் நியரேரே பள்ளி ஆசிரியராய் இருந்தவர். நாட்டின் தலைவரான பின்னும் மக்கள் அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றே அழைத்தனர். தலைவரையே ஆசிரியர் என்றழைத்துப் பெருமை கொண்ட நாட்டுக்கு, கற்பிக்கக் கல்லாத யான் ஆசிரியனாய்ப் புறப்பட்டேனே என்று நாணுகின்றேன்.

'செல்லும் இளைஞனாவது திருந்துவானே' என்பார்க்கு ஒன்று கூறுவேன். திருந்துதற்கே செல்வதாயின், மாணவன் என்று சொல்லிக்கொண்டு செல்க. ஆப்பிரிக்கரை அறிதற்குக் கடல் கடக்கவும் வேண்டுவதில்லை. நம் நாட்டு நகரங்களில் ஆப்பிரிக்க மாணவர் பலர் பயில்கின்றனர். 2017-இல் தில்லியை அடுத்த நோய்டாப் பகுதியில் நைஜீரிய மாணவர் தாக்கப்பட்ட செய்தி நம் அனைவர்க்கும் தலைகுனிவு. பேருந்தில் அவர் அருகே அமரத் தயங்கும் நாம், அவர் நாட்டுக் குழந்தையை அணைத்துப் படம் எடுக்க விமானம் ஏறுதல் என்ன முறை?

விவிலியத்து நல்ல சமாரியன் கதையை நாம் அனைவரும் அறிவோம். அவன் காயம் கட்டிய செயலையே நாம் போற்றுகின்றோம். அவன் செய்த வேறு இரண்டும் உள. காயமுற்றவனை அவ்விடத்துச் சத்திரக்காரனிடம் ஒப்புவித்துப் பணமும் கொடுத்தான். திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றான். தன் கையில் எண்ணெய் இருந்தமையாற் காயம் கட்டினான். வெறுங்கையோடு வந்து அழுதுவிட்டுச் செல்லவில்லை.

யானும் எண்ணெய் தேடப் புறப்பட்டிருக்கின்றேன். ஆனர்ஸ் முடிந்தபின் ஆசிரியப் பயிற்சி பெறுவதென்று துணிந்துள்ளேன். நம் நகரிற் பயிலும் தான்சானிய மாணவர் ஒருவர் ஞாயிறு மாலைதோறும் எனக்குச் சுவாஹிலி கற்பிக்கின்றார். யான் அவருக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கின்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் நகைப்பதும், ழகரத்தோடு அவர் போராடுவது கண்டு யான் நகைப்பதும் வழக்கமாகிவிட்டன. அவர் ஊரார் என்றேனும் என்னை வேண்டி அழைப்பராயின், பெட்டியிலுள்ள நற்சான்றை அன்று வெளியே எடுப்பேன். அதுவரை நான் அவருக்கு மாணவன்.