காலுறையில் தொடங்கிய பாடம்

ஆசானின் அன்பு சிறு செயல்களில் விளங்கும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன், 12 ஆண்டுகளில் 10 முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றவர். ஆயினும் புதிய மாணவர்களுக்கு அவர் முதற்கண் கற்பித்தது, காலுறையைச் சுருக்கமின்றி அணியும் முறையே. சுருக்கம் கொப்புளமாகும்; கொப்புளம் ஆட்டத்தைக் கெடுக்கும் என்பார்.

அவரிடம் பயின்ற ஏழடி உயர வீரர் கரீம் அப்துல் ஜப்பார், பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். கல்லூரிப் படிப்பு 1969இல் முடிந்தும் உறவு முடியவில்லை. 2010இல் ஆசான் மறையும்வரை நீடித்தது. வெற்றியை மட்டும் நாடியிருந்தால் இப்பிணைப்பு நிலைத்திருக்குமா?

விளையாடித் திரும்பும் பேரப்பிள்ளையிடம், “வென்றாயா?” என வினவுமுன், “கால் நோகிறதா, கண்ணே?” என்று கேட்போமாக!