வாட் எவ்வளவு என்று கேளுங்கள்
முத்தியால்பேட்டையில் பிள்ளைக்கு கேமிங் லேப்டாப் தேடும் பெற்றோர், ஸ்டிக்கரில் உள்ள பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடும் கிராபிக்ஸ் சிப்பும் உண்டு, 115 வாட் வரை இழுப்பதும் உண்டு. ஆட்டத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கடையில் ப்ராசஸர் ஐ7 என்று அழுத்திச் சொல்வார்கள். ஐ5 போதும், மிச்சப் பணம் கிராபிக்ஸுக்குப் போகட்டும். ரேமைப் பல மாடல்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கிராபிக்ஸ் மெமரியைக் கூட்டவே முடியாது. நம் கடலோர வெக்கையில் ஃபேன் திணறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் மெல்லிய அழகு மாடலைவிட, காற்றுப்போக்கு உள்ள தடித்த மாடலையே வாங்கச் சொல்வேன். லேப்டாப் மேசையை விட்டு நகரப்போவதில்லை என்றால், அதே பணத்துக்கு டெஸ்க்டாப்பே மேல்.