உப்புத் தண்ணீருக்கு உப்பே மருந்து

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் போர் தண்ணீரை நம்பி டிஷ்வாஷர் வாங்கியவர்கள் பலரிடம் ஒரே புலம்பல்: "டம்ளரெல்லாம் வெள்ளை பூத்து வருது சார், மெஷின் சரியில்லை." பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தந்த மெஷின் பழைய பேப்பர் அடுக்கும் மேடையாகிவிட, முழங்கால் வலியோடு வீட்டு அம்மா மறுபடி சிங்க் முன்னால் நிற்கிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர்தான். குடிநீருக்கே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியில்லையென்றால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் போர் தண்ணீரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

மெஷினின் அடியில் உப்புப் போடும் குழி இருக்கிறதா? அதையொட்டிய ரெசின்தான் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைக்கிறது. உப்பு தீர்ந்தால் அந்தச் சக்தி போச்சு. சமையல் தூள் உப்பு ஆகாது. டிஷ்வாஷருக்கென்றே விற்கும் கல் உப்புதான். கடினத்தன்மை செட்டிங்கையும் நம் தண்ணீருக்கேற்ப மாற்றவேண்டும். வாங்கிய நாளில் வைத்தபடியே விட்டுவிடுகிறார்கள்!

அப்புறம் ஃபில்டர். சாம்பார்ப் பருப்பும் கறிவேப்பிலையும் அதில் குடியிருக்கும். சுழலும் கையின் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். இத்தனையும் பார்த்தபிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை மெஷினுக்கு விடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அதில் உப்பு இன்னும் அதிகம்.