வாங்கும்போது இரும்பு, விற்கும்போது மிஷின்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு லேத்தை எடைக்குப் போடப் பார்த்தார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். காரைக்கால் பள்ளிக்கூடக் கதை கேட்க வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அதுவும் கொஞ்சம் வரும்.

அந்த லேத்தின் சொந்தக்காரர் என்னைவிட ஆறேழு வயது இளையவர். நாற்பது வருஷமாக ஒரே தகரக் கொட்டகையில் பட்டறை நடத்தினார். ரைஸ் மில் சாஃப்ட், மோட்டார் பம்பு புஷ், டிராக்டர் பின் என்று அம்பாசமுத்திரம் வட்டாரத்து விவசாயத்துக்குத் தேவையான உருண்டை சாமான் எல்லாம் அவர் கையால் கடைந்ததுதான். சித்திரையில் காலமாகிவிட்டார். மகள் சென்னையில் இருக்கிறாள். கொட்டகைக்கு மாத வாடகை ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா என்ன செய்வாள்? யாரோ சொல்லி, பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் வந்தார்.

நான் அப்போது அங்கே இருந்தேன். அவர் லேத்தைச் சுற்றி வந்தார். காலால் ஒரு தட்டு தட்டினார். ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கவில்லை.

"முக்கா டன்னு இருக்கும். கிலோவுக்கு நாப்பது. லாரிக்கூலி போக இருபத்தேழாயிரம் தாரேன். கீழ கெடக்க சில்லறைச் சாமானையும் சேத்து அள்ளிக்கிடுதேன்."

"என்ன அண்ணாச்சி, கொடுத்துரட்டுமா?" என்று அந்தம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒரு வாரம் பொறும்மா" என்றேன். எனக்கும் அப்போது விலை தெரியாது. ஆனால் மிஷினைப் பார்க்காமலே விலை சொல்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்துவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஊருக்குக் கடைசல் புதிதல்ல. அம்பாசமுத்திரம் மரச் சொப்பு வைத்து விளையாடாத பெண் குழந்தை நம் தலைமுறையில் உண்டா? அதுவும் கடைசல் பட்டறையில் சுழற்றி, அரக்கு ஏற்றிச் செய்வதுதானே? அந்தச் சொப்பை ஒருவன் தராசில் வைத்து விறகு விலைக்குக் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் விளக்குமாற்றை எடுப்பார்கள். லேத் என்றால் மட்டும் ஏன் தராசைத் தேடுகிறோம்? தெரியாததுதான் காரணம். தெரியாதவர்களிடம் வாங்குவதைச் சாமர்த்தியம் என்று வேறு சொல்கிறோம்.

மறுநாள் விக்கிரமசிங்கபுரம் போய், மில் ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற நண்பரைக் கையோடு கூட்டி வந்தேன். 1880களில் ஹார்வி துரைமார் பாபநாசம் தண்ணீரை நம்பி மில் வைத்த நாளிலிருந்து, நூலோடு சேர்த்து மெக்கானிக்குகளையும் டர்னர்களையும் உருவாக்கிய ஊர் அது. என் நண்பருக்கு எண்பது வயது நெருங்குகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால்தான் பார்ப்பார்.

அவர் பார்த்த முறையை எழுதுகிறேன். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் இப்படி ஒரு மிஷின் நின்றால் உதவும்.

முதலில் பெட். சேடில் முன்னும் பின்னும் ஓடுகிற அந்த நீளமான வார்ப்பு. லேத்தின் வேலை பெரும்பாலும் சக்குக்குப் பக்கத்தில் ஓரடிக்குள்தான் நடக்கும். அதனால் தேய்மானமும் அங்கேதான். சேடிலை அந்த இடத்தில் நிறுத்தி ஆட்டம் இல்லாமல் இறுக்கி, அப்படியே டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்தினார். வழுக்கிக்கொண்டு போனால் பெட் நல்ல பெட். பாதியில் முரண்டு பிடித்தால், அந்தப் பக்கம் தேயாமல் இந்தப் பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இது கொஞ்சம் முரண்டு பிடித்தது.

அடுத்து ஸ்பிண்டில். சக்கில் ஒரு கனமான ராடைப் பிடித்து, டயல் கேஜ் முள்ளை அதன்மேல் வைத்து, ராடை மேலே நெம்பிப் பார்த்தார். முள் ஏறக்குறைய அசையவில்லை. "பேரிங் நல்லாருக்கு. ஆளு எண்ணெய் விட்டு வளத்திருக்கான்" என்றார். பிறகு அதே ராடை ஆறு அங்குல நீளத்துக்குக் கடைந்து, இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரால் அளந்தார். மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பாகம் வித்தியாசம். பம்பு புஷ்ஷுக்கும் மில் சாஃப்டுக்கும் இது போதும், விமானம் செய்யப் போதாது என்று சிரித்தார். மரை வெட்டிப் பார்த்ததில் ஆஃப் நட் தேய்ந்திருந்தது. அதை மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

புதுப் பெயின்ட் அடித்த லேத்தைக் கண்டால் இரண்டு மடங்கு சந்தேகப்படச் சொன்னார். இதில் பெயின்டே இல்லை.

பிறகு அந்த "சில்லறைச் சாமான்". அதை இரண்டு மணி நேரம் கணக்கெடுத்தோம். மூன்று தாடை சக், நான்கு தாடை சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி, டிரில் சக், இரண்டு மைக்ரோமீட்டர், ஒரு வெர்னியர், ஒரு டப்பா நிறைய டூல் பிட். அரை அங்குல டூல் பிட் ஒன்று நூற்று முப்பது கிராம் இருக்கும். தராசுக்காரர் கணக்கில் ஐந்து ரூபாய். கடையில் போய்ப் புதிதாக ஒன்று கேட்டுப் பாருங்கள். சக் இல்லாத லேத், தறியில்லாத நெசவாளி மாதிரி. வாங்குகிறவன் முதல் வேலையாக அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். அப்படியானால் அதற்குத் தனி விலை போடுவதுதானே முறை?

குறைந்தது ஒன்று. லீட் ஸ்க்ரூவை ஓட்டுகிற மாற்றுப் பல்சக்கரங்கள் பாதிக்கு மேல் காணோம். முக்கியமாக 127 பல் சக்கரம் இல்லை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கு 127. அங்குல மரை உள்ள பழைய லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட அந்தச் சக்கரம் வேண்டும். அது இல்லையென்றால் விலையில் தாராளமாகத் தட்டலாம் என்றார் நண்பர், விற்கிறவர் பக்கம் நின்றுகொண்டே.

இனி விலை. பெங்களூர் எச்.எம்.டி., ஹரிஹர் கிர்லோஸ்கர் என்று பெயர்த்தகடு இருந்தால் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. இது கோயம்புத்தூர் வார்ப்பு, பெல்ட் லேத், தகடு எப்போதோ விழுந்துவிட்டது. நண்பர் கோயம்புத்தூரில் தெரிந்த இரண்டு பேருக்கும் திருநெல்வேலியில் ஒருவருக்கும் போன் போட்டார். இதே அளவில், இதே நிலையில், ஓடுகிற மிஷின் கைமாறுவது தொண்ணூறாயிரத்தை ஒட்டி. அதில் ஆஃப் நட், பெட் தேய்மானம், காணாத சக்கரங்கள் என்று பதினைந்து கழித்தோம். இறக்கி ஏற்றி, செயின் பிளாக் கட்டி, புது இடத்தில் மட்டம் பார்த்து நிறுத்தப் பத்து. மீதி அறுபத்தைந்து. சாமான்களுக்கு இருபது. ஆக எண்பத்தைந்தாயிரம். காலால் தட்டிச் சொன்ன விலை இருபத்தேழு.

இதைச் சாயங்காலம் டீக்கடையில் சொன்னபோது ஒரு நண்பர், நானும் மதிக்கிறவர்தான், சொன்னார்: "அவ இஷ்டப்பட்டு விக்கா, அவன் இஷ்டப்பட்டு வாங்குதான். நடுவுல நீரு யாரு வே? ரெண்டு பேரு ஒத்துக்கிட்டதுதான் நியாய விலை."

இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. சட்டமும் அவர் பக்கம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. ஆயிரம் ரூபாய் பெறுமான குதிரையை ஒருவன் மனமொப்பிப் பத்து ரூபாய்க்கு விற்க ஒத்துக்கொண்டால் அந்த ஒப்பந்தம் செல்லும். எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த வரியையும் படிக்க வேண்டும். மனமொப்பிக் கொடுக்கவில்லை என்று அவன் சொன்னால், அந்தப் பத்து ரூபாயையே நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். விலை அத்தனை குறைவாக இருப்பது ஏதோ சரியில்லை என்பதற்கு அடையாளம் என்று அந்தக் கால வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரன் இன்னும் ஒரு படி மேலே போனான். என் தாத்தா காரைக்காலில் ஒரு நொத்தேரிடம் எழுத்தராக இருந்தவர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்ன ஒரு சொல் எனக்கு மறக்கவில்லை: லெசியோன். காயம் என்றும் நஷ்டம் என்றும் பொருள். பிரெஞ்சு சிவில் சட்டம் 1674ஆம் பிரிவு. பன்னிரண்டு பங்கு பெறுமான நிலத்தையோ வீட்டையோ ஐந்து பங்குக்கும் குறைவாக விற்றுவிட்டவன், அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த உரிமை வேண்டாம் என்று அவனே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. பசியில் இருப்பவன் எதிலும் கையெழுத்துப் போடுவான் என்று தாத்தா விளக்கம் சொல்வார். இது அசையாச் சொத்துக்கு மட்டும்தான், லேத்துக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்பத்தைந்தில் பன்னிரண்டில் ஐந்து பங்கு, முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம். இருபத்தேழு அதற்கும் கீழே.

பிரெஞ்சில் லேத்துக்கு 'தூர்' என்று பெயர். ஆண்பால். அதே சொல்லைப் பெண்பாலாக்கினால் கோபுரம். பரீட்சையில் நான் ஈபெல் கோபுரத்தை லேத்தாக்கி அடி வாங்கியவன். அந்த வாத்தியார்தான் வோகான்சோன் பற்றிச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் இயந்திர வாத்து செய்து பாரீஸையே வாய் பிளக்க வைத்தவர். 1750 வாக்கில் அவர் செய்த இரும்பு லேத் இன்றும் பாரீஸில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடைகிற உளியைக் கைநடுக்கத்திடமிருந்து விடுவித்து, நேரான இரும்புத் தண்டவாளத்தில் ஓட வைத்தது அது. அரை நூற்றாண்டு கழித்து லண்டனில் மோட்ஸ்லே அதே வழியில் மரை வெட்டும் லேத்தைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த நேர்க்கோட்டைத்தான். அது எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு விலை.

இதனால் விற்கிறவர்கள் எல்லாம் நியாயஸ்தர்கள் என்று நான் சொல்லவில்லை. "எங்கப்பா வாங்குன மிஷின், அந்தக் காலத்து இரும்பு" என்று பெட் பள்ளமாகிப்போன லேத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறவர்களும் உண்டு. வாங்குகிற பையன் வட்டிக்குக் கடன் வாங்கி அதில் மாட்டிக்கொண்டால் அவன் குடும்பம்தான் தெருவுக்கு வரும். அப்பாவின் ஞாபகத்துக்குப் பையன் பணம் கொடுக்க முடியாது.

இப்போது அந்தப் பழைய ஞாபகம். அரசு வேலையில் குமாஸ்தாவாக இருந்தபோது, பணிமனைச் சாமான்களைக் கழிவு செய்யும் பட்டியல் என் மேஜைக்கு வரும். நாங்கள் 'கண்டம்' என்போம். பதிவேட்டைப் பார்த்து வருஷா வருஷம் தேய்மானம் கழித்து மதிப்பு எழுத வேண்டும். வருமான வரிக் கணக்கில் இன்றைக்கு இயந்திரங்களுக்குப் பொதுவாகக் கழிக்கும் 15 சதவீதத்தையே போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய் மிஷின் பத்து வருஷத்தில் இருபது ரூபாய்க்குக் கீழே, இருபது வருஷத்தில் நாலு ரூபாய்க்குக் கீழே. கணக்கு சரி. பதிவேட்டுக்கு எண்ணெய் விட்டவன் யார், விடாதவன் யார் என்று தெரியாது. நான் ஒரு லேத்துக்கு அப்படி எழுதினேன். பணிமனைக்குப் போய்ப் பார்க்கவில்லை. இருபது அடி தூரம்தான். இரும்பு விலைக்கு ஏலம் போனது. ஒரு வருஷம் கழித்து வேறொரு ஊரில், ஒரு கொட்டகை வாசலில் பஸ்ஸுக்காக நின்றபோது உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் எங்கள் சாமான் எண் அப்படியே இருந்தது. எத்தனைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அரசாங்கத்துக்குப் போன நஷ்டம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கையெழுத்து என்னவோ என்னுடையதுதான்.

அதனால்தான் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் நேரே கேட்டேன்: "இதை உடைச்சு உலைக்கு அனுப்பப் போறீரா?" அவர் சிரித்தார். பொய் சொல்லவில்லை. "உடைப்பாங்களா அண்ணாச்சி? கேக்க ஆளு ரெடியா இருக்கு." அவர் தொழிலை நான் குறை சொல்லவில்லை. உடைந்த மோட்டாரை இரும்பாக வாங்கட்டும். ஓடுகிற மிஷினை இரும்பாக வாங்கி மிஷினாக விற்கிற அந்த இடைவெளியில் இருப்பது அந்தம்மாவின் இரண்டு வருஷச் சாப்பாடு. அதை ஒத்துக்கொண்ட விலை என்று டீக்கடையில் சொல்லாதீர்கள்.

லேத் எழுபத்தெட்டாயிரத்துக்குப் போயிற்று. கடையத்தில் பட்டறை வைக்கப்போகிற, ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்த பையன். எங்கள் கணக்குத் தாளை அவனிடமும் காட்டினோம், குறைகளோடு. அவன் சேடிலைத் தானே ஒரு முறை நகர்த்திப் பார்த்துவிட்டு, கையில் இருந்தது அவ்வளவுதான் என்றான். அந்தம்மா சரி என்றாள்.

லேத் போய் ஒன்பதாம் நாள் அவள் கூப்பிட்டு அனுப்பினாள். கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு. அவிழ்த்தால் கிரீஸ் பூசி, செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய பல்சக்கரங்கள். பெரியதை எடுத்துத் திண்ணையில் வைத்துப் பல்லை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன், 127.

"இதுக்கு வேற துட்டு கேக்கலாமா அண்ணாச்சி?" என்றாள்.

"கேக்கலாம்மா. அது இல்லன்னுதான விலையில கழிச்சோம்" என்றேன்.

பையனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.