சொன்னபடி கேட்டால்தான் நல்ல பிள்ளையா?

பள்ளி மாற்றுச் சான்றிதழில் மாணவரின் ஒழுக்கத்தையும் பண்பையும் குறிக்க ஒரு வரி உண்டு. பல ஆண்டுகள் அதே பள்ளியில் படித்தவருக்கும் சரி, நடுவில் வந்து ஓராண்டு மட்டும் இருந்தவருக்கும் சரி, அந்த வரியில் பெரும்பாலும் ஒரே சொல்தான் விழும்: ‘நன்று’. ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கில்லை. போகிற பிள்ளையின் எதிர்காலத்தில் கைவைக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த ‘நன்று’ எதைப் பாராட்டுகிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

வீட்டுப் பேச்சைக் கவனித்தால் விடை கிடைக்கும். ‘சமத்து’, ‘சாது’, ‘இருக்கிற இடமே தெரியாது’, ‘கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான்’, ‘வாயில்லாப் பூச்சி’. பெண் குழந்தை என்றால் கூடவே ‘அதிர்ந்து பேசத் தெரியாது’, ‘குனிந்த தலை நிமிராதவள்’. எல்லாமே பிள்ளை செய்யாமல் விட்டதற்குக் கிடைக்கும் பாராட்டு. சத்தம் போடவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, தலை நிமிரவில்லை. பக்கத்துப் பையனுக்குத் தன் சாப்பாட்டில் பாதி கொடுத்தவனையோ, கண்ணாடியை உடைத்தது தான்தான் என்று வந்து சொன்னவளையோ மெச்ச இப்படிக் கைவசம் தயாராக நிற்கும் சொற்கள் குறைவு. கேள்வி கேட்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு மட்டும் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை: வாயாடி, அதிகப்பிரசங்கி, பிஞ்சிலே பழுத்தது. அதிலும் ஓரவஞ்சனை உண்டு. பையன் செய்தால் ‘சுட்டி’, அதையே பெண் செய்தால் ‘அடங்காப்பிடாரி’.

நல்ல நடத்தையும் கீழ்ப்படிதலும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் ஒரு பள்ளி. அங்கே படித்த, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். காலை வணக்கத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். பாட மட்டும் மாட்டார்கள். தங்கள் நம்பிக்கை அதை அனுமதிக்கவில்லை என்றார்கள். இதைக் கவனித்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பேரவையில் எழுப்ப, விசாரணைக்கு ஓர் ஆணையம் அமைந்தது. பிள்ளைகள் சட்டத்தை மதிப்பவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அந்த ஆணையம் சொன்னது. ஆனாலும் கல்வி அதிகாரியின் உத்தரவால் 1985 ஜூலையில் மூவரும் வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் ஆகியோரின் அமர்வு, இந்த வெளியேற்றம் அவர்களின் பேச்சுரிமையையும் மத உரிமையையும் மீறியது என்று தீர்ப்பளித்து, திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அவர்கள் நடத்தை சரியில்லை என்று அந்த வழக்கில் யாரும் வாதிடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. நல்ல பிள்ளைகள்தான், சொன்னதைச் செய்யவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

‘நம் மரபே பணிவுதானே?’ என்று கேட்பவர்கள் திருக்குறளைத்தான் துணைக்கு அழைப்பார்கள். அதன் 133 அதிகாரங்களில் அடக்கமுடைமை இருக்கிறது, ஒழுக்கமுடைமை இருக்கிறது, பண்புடைமை இருக்கிறது. கீழ்ப்படிதல் என்று ஓர் அதிகாரம் இல்லை. அடக்கமுடைமையில் வள்ளுவர் கேட்பதும் ஐம்புலன்களையும் நாவையும் தானே கட்டிக்காப்பதைத்தான். இன்னொருவர் அதட்டி ஒடுக்கி வைப்பதை அல்ல. அரசனுக்கு அவர் சொல்லும் யோசனை இன்னும் காரமானது. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுப்பவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்கிறார். ராஜாவுக்கே அப்படியென்றால், வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் விலக்கு எதற்கு?

‘நன்னடத்தை’ என்ற சொல் அதிகம் புழங்கும் இன்னோர் இடம் காவல் நிலையம். பழைய குற்றவாளிகளிடம் நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழகிய சங்கதி. 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும் அந்த ஏற்பாடு மாறவில்லை. குறிப்பிட்ட காலம் குற்றம் செய்யாமல் இரு என்பதே அதன் சாரம். தலை குனிந்து நட என்று அந்தப் பத்திரம்கூடக் கேட்பதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றிப் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். 1098 என்ற உதவி எண்ணைப் பாடப்புத்தகத்திலேயே அச்சிடுகிறார்கள். பிடிக்காததை யார் செய்தாலும் ‘வேண்டாம்’ என்று கத்து, ஓடு, நம்பிக்கையானவரிடம் சொல் என்பது பாடம். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் வேறு பாடம்: பெரியவர்கள் சொன்னால் கேட்கணும், எதிர்த்துப் பேசக் கூடாது, மாமா மடியில் போய் உட்கார். தெரிந்தவர்களே பெரும்பாலும் குற்றவாளிகளாக இருக்கும் ஒரு குற்றத்தில், இந்த இரண்டாவது பாடம் யாருக்குச் சாதகம்?

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியருக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும். சாலையைக் கடக்கும்போது ‘நில்’ என்றால் குழந்தை நிற்கத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை. அதைக் கட்டுப்பாடு என்று சொல்லிவிட்டுப் போகலாமே, குணம் என்று ஏன் மதிப்பெண் போட வேண்டும்? 2012-13 கல்வியாண்டில் தமிழகப் பள்ளிகளுக்கு முப்பருவ முறையுடன் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, பாடங்களைத் தாண்டி வாழ்க்கைத் திறன்களையும் விழுமியங்களையும் கவனிக்கச் சொன்னது. அப்படிக் கவனித்து எழுதும் குறிப்புகளில் ‘அமைதியானவர்’, ‘பணிவானவர்’ ஆகிய இரண்டையும் ஓராண்டுக்கு ஓரங்கட்டிவிட்டு, பிள்ளை என்ன செய்தது என்று எழுதிப் பார்க்கலாம். புதிதாக வந்த மாணவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். கூட்டலில் தனக்கு ஒரு மதிப்பெண் அதிகமாக விழுந்திருந்ததை வந்து சொன்னாள். கரும்பலகையில் இருந்த விடை தவறு என்று கை தூக்கிச் சொன்னாள். அவள் சொன்னது சரி.